கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு நிக்குதா? ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்து பிளக்ல இருந்து பாத்துட்டு வாங்க

நம்ம காரைக்குடி தேவகோட்டை பக்கம் யார் வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் கடைல சொல்ற முதல் வைத்தியம் ஃபார்மட் தான். கல்யாண போட்டோ, டேலி கணக்கு எல்லாம் போயி, கொடுத்த காசும் போயி, மூணாம் நாள் பாத்தா மறுபடி அதே மாதிரி தட்டுனு நிக்கும். ஏன்னா கோளாறு விண்டோஸ்ல இருந்தாத்தானே ஃபார்மட் அடிச்சு சரியாகும், ரேம்லயோ கரண்ட்லயோ இருந்தா எத்தன தடவ அடிச்சாலும் அது அங்கயேதான் இருக்கும்.

புதுசா கத்துக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்டிரைவ், முடிஞ்சா ஒரு மல்டிமீட்டர், அப்புறம் பொறுமை, இவ்வளவுதான் வேணும். வெளிய இருந்து உள்ள வரணும், ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணத்தான் மாத்தணும். ரேமையும் மாத்தி, டிரைவரையும் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி, யூபிஎஸ்ஸையும் கழட்டிட்டீங்கன்னா அது சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த தடவ நின்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

எல்லாத்துக்கும் முன்னாடி முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க. கோளாறு ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சுன்னா நம்ம பண்ணப்போற டெஸ்ட்டே அதுக்கு கடைசி அடியா ஆயிரலாம்.

நோட்டு போடுங்க

ஒரு ரூல் போட்ட நோட்டு எடுத்து எப்ப நின்னுச்சு, என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு, எப்படி நின்னுச்சு, அப்ப வீட்ல வேற என்ன நடந்துச்சு, இந்த நாலையும் எழுதுங்க. இதுல "எப்படி"ங்கிறதுதான் பெரிய துப்பு. நீலத்திரை (விண்டோஸ் தாங்காம நிக்கும்போது பிழைய எழுதிக் காட்டுற நீல ஸ்கிரீன், புது விண்டோஸ் 11ல கறுப்பா வரும்) எதுவும் வராம தட்டுனு அணைஞ்சு தானா மறுபடி ஆன் ஆனா பெரும்பாலும் கரண்ட், எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்ட்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிற பெட்டி), சூடு, போர்டு (மதர்போர்டு) இந்த நாலுல ஒண்ணு. நீலத்திரை வந்தா ரேம், டிரைவர், டிஸ்க், ப்ராசசர் பக்கம் தேடணும். படம் அப்படியே உறைஞ்சு சவுண்டு மட்டும் ர்ர்ர்ருனு இழுத்தா கிராபிக்ஸ் கார்டு மேலயும் ரேம் மேலயும் சந்தேகம். மவுஸ் நகருது ஆனா எதை கிளிக் பண்ணினாலும் திறக்கல, டிஸ்க் லைட் மட்டும் விடாம எரியுதுன்னா டிஸ்க். இதெல்லாம் சந்தேகம் மட்டுந்தான், தீர்ப்பு இல்ல.

நீலத்திரை வந்து கண் மூடி திறக்கிறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆயிருதுன்னா அத நிறுத்தி வைக்கலாம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டு போயி, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி செட்டிங்ஸ்ல ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்ங்கிற டிக்க எடுத்துருங்க. இனிமே திரை அப்படியே நிக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாம். கீழ சின்னதா ஸ்டாப் கோடுன்னு இருக்கிற வார்த்தைதான் நமக்கு வேணும். மெமரி மேனேஜ்மென்ட்னு வந்தா முதல்ல ரேம். கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்னா டிஸ்க், இல்லன்னா டிஸ்க் கேபிள். வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்னா கிராபிக்ஸ் கார்டு இல்ல அதோட டிரைவர். ஹியா அன்கரெக்டபிள் எரர்னு வந்தா (நம்ம ஆளுங்க டபிள்யூஹெச்இஏன்னு எழுத்து எழுத்தா சொல்லுவாங்க) ஹார்ட்வேர்ல பிழைன்னு ப்ராசசரே வாயத் திறந்து சொல்லுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் வேற வேற கோடு மாறி மாறி வந்தா எனக்கு முதல் சந்தேகம் ரேம் மேலதான்.

ஈவென்ட் வியூவர்ல (என்ன நடந்துச்சுன்னு விண்டோஸ் குறிச்சு வைக்கிற இடம்) போயி சிஸ்டம் லாக்க பாத்தீங்கன்னா சிவப்புல கெர்னல் பவர் 41னு இருக்கும், அதப் பாத்து பயந்து நிறைய பேர் எஸ்எம்பிஎஸ் வாங்க கிளம்பிருவாங்க. 41 சொல்றது ஒழுங்கா ஷட்டவுன் பண்ணாம நின்னு போச்சுங்கிறத மட்டுந்தான், காரணத்த இல்ல. அதையே திறந்து டீடெயில்ஸ்ல பக்செக் கோடு என்னன்னு பாருங்க. அது 0ன்னு இருந்தா விண்டோஸுக்கு பிழைய எழுதி வைக்கக்கூட நேரம் கிடைக்கல, கரண்ட் பக்கம் போகலாம். வேற நம்பர் இருந்தா நீலத்திரை வந்திருக்கு.

நீலத்திரைன்னாலே ஹார்ட்வேர்னும் நினைக்க வேணாம். 2024 ஜூலை 19 அன்னைக்கு க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனியோட ஒரே ஒரு தப்பான அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் பாதிச்சதா மைக்ரோசாஃப்ட்டே சொல்லுச்சு, அதுல ஒரு ஸ்க்ரூவக்கூட யாரும் கழட்ட வேண்டியதில்ல. அதனால கடைசியா என்ன இன்ஸ்டால் பண்ணினோம்னு யோசிங்க. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க நல்ல வழி ஒண்ணு இருக்கு. உபுண்டுவ (விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச லினக்ஸ்) ஒரு பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாம அப்படியே ஓட விடுங்க, ரெண்டு மூணு மணி நேரம் வீடியோ ஓடட்டும். அங்கயும் நின்னா விண்டோஸ் மேல பழி போட முடியாது. அங்க நிக்காம விண்டோஸ்ல மட்டும் நின்னா டிரைவர், விண்டோஸ், இல்ல அந்த டிஸ்க்.

சுவத்து பிளக்

இத ஏன் முதல்ல வைக்கிறேன்னா நம்ம ஊர்ல இதுதான் அதிகமா விட்டுப்போற இடம். புதுவயல்ல ஒரு ரைஸ் மில் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் நின்னுக்கிட்டே இருக்குன்னு கூப்ட்டாங்க. ஏற்கனவே ஃபார்மட் ஆயிருச்சு, ரேம் மாத்தியாச்சு. கணக்கப்பிள்ளை வந்து, "தம்பி, டீ குடிச்சிட்டு வந்து மோட்டாரப் போட்டாப் போதும், இந்தச் சனியன் அணைஞ்சிருது, பில்லு பாதில போயிருது"ன்னாரு. எல்லாம் அந்த ஒரு வரிலயே இருக்கு. பெரிய மோட்டார் நேரா ஸ்டார்ட் ஆகும்போது அது ஓடுற கரண்ட்ட விட அஞ்சு ஆறு மடங்கு இழுக்கும், அந்த நொடில லைன்ல வோல்டேஜ் குழியும். குழிஞ்சதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும். அந்த பேட்டரி செத்து எவ்வளவு நாளாச்சோ, யாரும் பாக்கல. எஸ்எம்பிஎஸ் தன்னோட கெப்பாசிட்டர்ல இருக்கிற சார்ஜ வச்சு சுமார் 16, 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப் பிடிக்கும், மட்டமான எஸ்எம்பிஎஸ்னா அதுகூட இல்ல. பேட்டரி மாத்தினதோட பிரச்சனை முடிஞ்சிருச்சு. நான் கம்ப்யூட்டரத் திறக்கவே இல்ல.

வீட்லயும் இதேதான், மோட்டாருக்குப் பதிலா போர் பம்ப், ஏசி, மிக்ஸி. உங்க நோட்டுல தண்ணி மோட்டார் போட்ட நேரமும் கம்ப்யூட்டர் நின்ன நேரமும் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

யூபிஎஸ்ஸ சோதிக்கிறது சுலபம். எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சுவத்து ஸ்விட்ச அணைங்க. உடனே செத்தா பேட்டரி காலி. உள்ள இருக்கிறது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு வருஷம் உழைச்சா பெருசு. இன்வெர்ட்டர்ல ஓட்டுறவங்க அதோட பின்பக்கம் யூபிஎஸ் மோட், நார்மல் மோட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, நார்மல்ல இருந்தா மாறுற நேரம் அதிகம், ஃபேன் லைட்டுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் அணையும்.

அடுத்து எர்த். நம்ம பக்கத்து பழைய வளவு வீடுகள்ல வயரிங் கட்டைல ஓடின காலத்துது, பின்னாடி ஒவ்வொரு தலைமுறையும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு இழுத்துருப்பாங்க. சுவத்துல பளபளன்னு மூணு பின் சாக்கெட் இருக்கும், ஆனா எர்த் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. கேபினெட்டோட இரும்பத் தொட்டா லேசா சுர்ருனு இருக்குதா? அப்படின்னா எர்த் இல்லன்னு கிட்டத்தட்ட சொல்லிரலாம். எஸ்எம்பிஎஸ் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டு எர்த்தப் பாத்து இணைச்சிருப்பாங்க, போறதுக்கு வழி இல்லாதப்ப கேபினெட் மேல லைன் வோல்டேஜ்ல பாதி, அதாவது 110, 115 வோல்ட் கிட்ட மீட்டர்ல காட்டும். கரண்ட் ரொம்பக் கம்மிங்கிறதால பொதுவா ஆள ஒண்ணும் பண்ணாது, ஆனா யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ சொருகும்போது போர்ட்டு போறதுக்கும், காரணமே தெரியாம தொங்குறதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம்.

எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மூணு அளவு எடுக்கச் சொல்லுங்க, பழக்கமில்லாதவங்க நீங்களா சாக்கெட்ல மீட்டர் வைக்க வேணாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல தாண்டினா எர்த் பிட்ட (எர்த் வயர் மண்ணுல இறங்குற குழி) பாக்கணும். நம்ம செம்மண் சித்திரை வைகாசில பாளமா காஞ்சு கெடக்கும், பிட்டும் காஞ்சு போகும், ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு மறுபடி அளந்து பாக்கச் சொல்லுங்க, வித்தியாசம் நல்லாவே தெரியும். சில பேர் எர்த் இல்லன்னா சாக்கெட்குள்ளயே நியூட்ரல எர்த்தோட இணைச்சு விட்டுருவாங்க. அத மட்டும் ஒத்துக்காதீங்க, நியூட்ரல் எங்கயாவது அறுந்தா கேபினெட் பூரா 230 ஏறிரும், அது உயிர் போற வேலை.

சூடும் தூசியும்

ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு சென்சார்ஸ் மட்டும் திறந்து வைங்க. சும்மா இருக்கும்போது ப்ராசசர் 35ல இருந்து 50 டிகிரி வரைக்கும் இருந்தா கவலையில்ல. நிறைய இன்டெல் ப்ராசசருக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டி ரைசன்ல பலதுக்கு 95. அத நெருங்கும்போது முதல்ல வேகத்தக் குறைக்கும், அப்பவும் அடங்கலைன்னா தன்னக் காப்பாத்திக்க அணைஞ்சிரும். மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு தகரம் போட்ட கடைக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் நிக்குது, அதே கம்ப்யூட்டர் ராத்திரி நிக்கலைன்னா உங்களுக்கு டெஸ்ட்டே தேவையில்ல. பெரிய வீடுகள்ல உள்கட்டுல குளுகுளுன்னு இருக்கும், ஆனா கம்ப்யூட்டர கொண்டு போயி மர அலமாரிக்குள்ள கதவ மூடி வச்சிருப்பாங்க, அதுவும் இதே கதைதான்.

பிளக்க உருவிட்டு, பவர் பட்டன அஞ்சு நொடி அமுக்கிப் பிடிச்சுட்டு பக்கத் தகட்டக் கழட்டுங்க. ப்ராசசர் ஃபேனுக்குக் கீழ இருக்கிற அலுமினியத் தகடு இடுக்குல தூசி கம்பளி மாதிரி அடைச்சிருக்கும். மேலாக பாத்தா ஃபேன் சுத்தமாத் தெரியும், ஃபேனக் கழட்டினாத்தான் அடியில இருக்கிறது தெரியும். மில் பக்கம்னா தவிட்டுத் தூசி, ரோட்டோரம்னா செம்மண். பல்லி முட்டை, எறும்புப் புத்து கூட இருக்கும், சிரிக்காதீங்க, எஸ்எம்பிஎஸ் உள்ள பல்லி விழுந்து கருகினத பாக்காத மெக்கானிக் இந்தப் பக்கம் இருக்க மாட்டாரு. ப்ளோயர் வச்சு ஊதுறப்ப ஃபேன் றெக்கைய ஒரு விரலால பிடிச்சுக்கங்க, இல்லன்னா வேகமா சுத்தி பேரிங் போயிரும். அந்த அலுமினியத் தகட்ட (ஹீட்சிங்க்) கழட்டினா ப்ராசசர் மேல இருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்ட துடைச்சுட்டு புதுசா ஒரு பட்டாணி அளவு வச்சுத்தான் மாட்டணும். நாலு மூலையும் சமமா உக்காந்திருக்கான்னு அசைச்சுப் பாருங்க, இன்டெல்லோட பழைய தள்ளுற மாதிரி பின்னுல ஒண்ணு எப்பவும் அரைகுறையாத்தான் மாட்டியிருக்கும்.

ரேம்

ரேம் கோளாறு மாதிரி ஆள ஏமாத்துறது எதுவும் இல்ல. ஒருநாள் பிரவுசர் மூடும், ஒருநாள் நீலத்திரை, இன்னொரு நாள் ஜிப் ஃபைல் திறக்காது. முதல்ல ரெண்டு பக்கக் கிளிப்பையும் தள்ளி ரேமக் கழட்டி, தங்க நிறப் பல்ல ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, டக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி மாட்டுங்க. கடைக்காரங்க பென்சில் ரப்பர் வச்சுத் தேய்ப்பாங்க, அவசரத்துக்குப் பரவால்ல, ஆனா அழுத்தித் தேய்ச்சா மேல் பூச்சு போயிரும், ரப்பர் தூள் ஸ்லாட்ல விழுந்தா அது வேற வம்பு.

அப்புறம் ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86ங்கிற சாஃப்ட்வேர ஒரு பென்டிரைவ்ல ஏத்தி அதுல இருந்து பூட் பண்ணுங்க. விண்டோஸ் உள்ளயே இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக்கும் இருக்கு, அது பிழை காட்டினா நம்பலாம், ஒண்ணும் இல்லன்னு சொன்னா அவ்வளவா நம்ப மாட்டேன். மெம்டெஸ்ட் நாலு சுத்து ஓடணும், ரேம் அளவப் பொறுத்து மணிக்கணக்கா ஆகும், ராத்திரி போட்டுட்டு படுத்துருங்க. காலைல எரர் 0ன்னு இருக்கணும். ஒண்ணு ரெண்டுதானேன்னு விடக்கூடாது, சிவப்புல ஒரு வரி வந்தாலும் அது பிழைதான்.

பிழை வந்தா உடனே ரேமத் தூக்கிப் போட்டுறாதீங்க. பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி (ரேம சாதாரணத்த விட வேகமா ஓட்டுற செட்டிங்) ஆன்ல இருந்தா அணைச்சுட்டு மறுபடி ஓட்டுங்க, அப்ப பிழை வரலைன்னா ரேம் தன் சாதாரண வேகத்துல நல்லாத்தான் இருக்கு. அப்பவும் வந்தா ஒரே ஒரு ரேம மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணுங்க, அடுத்து அதே ஸ்லாட்ல இன்னொண்ணு. ரேம் எதப் போட்டாலும் குறிப்பிட்ட ஸ்லாட்ல மட்டும் பிழை வந்தா ஸ்லாட்டோ போர்டோ கோளாறு. ஒரு ரேம் மட்டும் எந்த ஸ்லாட்ல போட்டாலும் பிழை காட்டினா அதுதான் குற்றவாளி. நல்ல கம்பெனி ரேம் பலதுக்கு வாரண்டி வருஷக்கணக்குல இருக்கு, காசு கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டிக்கரப் பாருங்க.

டிஸ்க்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேரப் போட்டுத் திறந்தா நீலத்துல குட்னு காட்டும், அத மட்டும் பாத்துட்டு மூடிறாதீங்க. ஹார்ட் டிஸ்க்னா 05, சி5, சி6 இந்த மூணு வரியும் 0வா இருக்கணும். 05 ஏற்கனவே கெட்டுப்போன இடம், சி5 கெட்டுப்போற சந்தேகத்துல நிக்கிற இடம். நம்பர் இருந்து, அது வாரா வாரம் ஏறிக்கிட்டும் இருந்தா புது டிஸ்க் வாங்குற வழியப் பாருங்க. சி7 ஏறினா டிஸ்க் நல்லாருக்கலாம், டிஸ்க்க போர்டோட இணைக்கிற சாட்டா கேபிள்தான் லூசு, முதல்ல அந்தச் சின்ன கேபிள மாத்துங்க. நம்பர் எல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்து புரியாத மாதிரி இருக்கும், ஃபங்ஷன் மெனுல அட்வான்ஸ்டு போயி ரா வேல்யூவ 10க்கு மாத்தினா நம்ம எண்ணுல வந்துரும். எஸ்எஸ்டிக்கு இந்த வரியெல்லாம் வேற மாதிரி, அங்க ஹெல்த் சதவீதத்தப் பாத்தாப் போதும், ஆனா எஸ்எஸ்டி பல நேரம் முன்கூட்டிச் சொல்லாமயே போயிரும்.

கார்டு, ப்ராசசர், எஸ்எம்பிஎஸ்

இது மூணையும் சேத்துப் பாக்கிறேன், ஏன்னா சுமை ஏத்தும்போதுதான் மூணும் மாட்டும். சுமை ஏத்துற சாஃப்ட்வேர் ரெண்டு இருக்கு, பிரைம்95 ப்ராசசருக்கு, ஃபர்மார்க் கிராபிக்ஸ் கார்டுக்கு. முதல்ல ஒண்ணா ஓட்டாம தனித்தனியா 15, 20 நிமிஷம் ஓட்டுங்க, பக்கத்துலயே உக்காந்து சூட்டப் பாத்துக்கிட்டே இருங்க, போட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க. பிரைம்95ல மட்டும் நின்னா ப்ராசசர், அதோட சூடு, இல்ல போர்டு. ஃபர்மார்க்ல திரைல புள்ளி புள்ளியா கோடு வந்தா கார்டு. தனித்தனியா ரெண்டும் தாண்டிருச்சு, ஆனா ரெண்டையும் சேத்து ஓட்டினா தட்டுனு அணையுதுன்னா எஸ்எம்பிஎஸ் தாங்கல.

எஸ்எம்பிஎஸ்ஸ அளக்கணும்னா பழைய நாலு பின் கனெக்டர்ல மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 11.4ல இருந்து 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75ல இருந்து 5.25 வோல்ட் இருக்கணும், அதுவும் சுமை ஓடும்போது அளக்கணும். பச்சை வயரையும் கறுப்பையும் கம்பி வச்சு இணைச்சு ஃபேன் சுத்துதான்னு பாக்கிற டெஸ்ட், அது செத்துருச்சா இல்லையான்னு மட்டுந்தான் சொல்லும். மீட்டர்ல எல்லாம் சரியா இருந்தும் நொடி நேரக் குழி மீட்டருக்குத் தெரியாம போகலாம், அதனால தெரிஞ்சவங்ககிட்ட ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸ ரெண்டு நாள் கடன் வாங்கி மாட்டிப் பாக்கிறதுதான் உண்மையான டெஸ்ட். கேபினெட்டோட சும்மா வர்ற, 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டின லேசான எஸ்எம்பிஎஸ் மேல எனக்கு எப்பவும் சந்தேகம்தான். எந்த எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தாலும் அதத் திறக்காதீங்க. உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல இருக்கும், பிளக்க உருவின பின்னாடியும் கொஞ்ச நேரம் நிக்கும்.

இன்டெல் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் வச்சிருக்கவங்களுக்கு ஒரு தனி விஷயம். அதுல சில மாடல் அதிக வோல்டேஜ் வாங்கி வாங்கி நாளாக நாளாக தேஞ்சு போகுதுன்னு 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் பயாஸ் வழியா மைக்ரோகோட் (ப்ராசசருக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அப்டேட் போடாம இருந்தா இன்னைக்கே போடுங்க, ஆனா ஏற்கனவே தேஞ்சது அப்டேட்ல சரியாகாது, வாரண்டில மாத்தத்தான் வேணும்.

எதுவுமே மாட்டலைன்னா போர்டு

போர்ட நேரடியா டெஸ்ட் பண்ண சாஃப்ட்வேர் கிடையாது, மத்ததெல்லாம் இல்லன்னு ஆன பிறகு மிச்சம் நிக்கிறது அதுதான். கண்ணால பாருங்க, ப்ராசசர் பக்கத்துல இருக்கிற உருளைக் கெப்பாசிட்டரோட தலை தட்டையா இருக்கணும், உப்பியிருந்தாலோ பழுப்பா கசிஞ்சிருந்தாலோ அதுதான் காரணம், பழைய போர்டுல இது சகஜம். தேதி அடிக்கடி பின்னாடி போகுதுன்னா சிஆர்2032 பட்டன் பேட்டரிய மாத்துங்க, சின்னச் செலவுதான். கடைசியா ப்ராசசர், ஒரு ரேம், போர்டுலயே இருக்கிற டிஸ்ப்ளே மட்டும் வச்சுட்டு மத்த எல்லாத்தையும் உருவிட்டு, அந்த உபுண்டு பென்டிரைவ்லயே ஓட்டுங்க. இதுலயும் நின்னா போர்டு இல்ல ப்ராசசர். நிக்கலைன்னா ஒவ்வொண்ணா திரும்ப மாட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் ஓட விட்டுப் பாருங்க. ஒரு பழைய யூஎஸ்பி பிரிண்டர்தான் காரணம்னு தெரிஞ்சா அதுலயும் ஆச்சரியம் இல்ல.

லேப்டாப்னா பாதி விஷயம் நம்ம கைல இல்ல. தூசி, ரேம், டிஸ்க் பாக்கலாம், சார்ஜர மாத்திப் பாக்கலாம், பேட்டரி உப்பி டச்பேட் மேல தூக்கிக்கிட்டு நின்னா உடனே அணைச்சு ஓட்டுறத நிறுத்திருங்க, குத்தவோ அமுக்கவோ கூடாது.

போர்டுன்னு முடிவாச்சுன்னா, ஆறேழு வருஷத்துக்கு மேல பழைய மாடலுக்கு புது போர்டு தேடி அலையாதீங்க, கிடைக்கிறது பெரும்பாலும் செகண்ட்ஹேண்ட்தான், அதுக்கு வாரண்டியும் சொற்பம். அந்தக் காசோட கொஞ்சம் சேத்து போர்டு, ப்ராசசர், ரேம் மூணையும் ஒண்ணா மாத்துறது நல்லது, கேபினெட்டும் டிஸ்க்கும் பழசே இருக்கட்டும். கடைக்குக் கொண்டு போறதா இருந்தா டிஸ்க்கக் கழட்டி வீட்ல வச்சுட்டு, ரேம், ப்ராசசர் மேல இருக்கிற சீரியல் நம்பர போட்டோ எடுத்துட்டு, அந்த நோட்டையும் கூட எடுத்துட்டுப் போங்க. "அப்பப்ப நிக்குதுண்ணே"ன்னு சொன்னா ஃபார்மட்தான் அடிப்பாரு, "மெம்டெஸ்ட்ல ரெண்டாவது ஸ்லாட்ல மட்டும் எரர் வருதுண்ணே"ன்னு சொன்னா அவரும் நேரா அந்த ஸ்லாட்டப் பாப்பாரு.